முத்துப்பிள்ளை

பெயர் மட்டும் அழகாயிருந்தது.
"முத்துப்பிள்ளைம்மா இது" என்றாள் ஸ்கேன் அறை நர்ஸ்.
ஒரு நொடி சந்தோஷப்பட்டேன்,
ஒரே ஒரு நொடி.
பிறகு திரையைத் திருப்பிக் காட்டினார்கள்.
பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில்
வெந்து விரிந்த ஜவ்வரிசி.
துடிப்பைத் தேடி அந்தக் குளிர்ந்த கருவி
இரண்டு முறை என் வயிற்றைச் சுற்றி வந்தது,
கதவிலக்கம் தப்பிய தபால்காரர் மாதிரி.

பெரியாஸ்பத்திரியில் உறிஞ்சி எடுத்தார்கள்.
தட்டில் கம்பம் திராட்சை போலக் கிடந்ததாம்.
நான் பார்க்கவில்லை. நாத்தனார் பொன்னுத்தாய் பார்த்தாள்.
பழக்கடைப் பக்கம் இன்றும் அவள் தலை திரும்புவதில்லை.

முடிந்தது என்று நினைத்தோம்.

பீட்டா என்று அதற்குப் பெயர்.
வாரம் ஒரு ஊசி ரத்தம், வாரம் ஒரு தாள்.
ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம்.
இருபத்திரண்டாயிரம்.
மூவாயிரத்துச் சொச்சம்.
இறங்கிக்கொண்டே வந்தது
நின்றது, திரும்பியது, ஏறத் தொடங்கியது.

வீட்டுக்காரர் மாயழகுவுக்கு எண்கள் புரியும்.
விரகனூர் மதகணையில் தினம் காலை ஏழு மணிக்கு
அளவுகோல் கல்லில் தண்ணீர் எங்கே நிற்கிறதென்று பார்த்து
நோட்டில் எழுதுகிற தற்காலிக வேலை.
தாளை வாங்கிப் பார்த்தவர்
"ஏறுது" என்றார்.
அந்தச் சொல்லை அவர் பயந்து சொல்லி
அன்றுதான் கேட்டேன்.

புரட்டாசியில் ஒரு ராத்திரி, மணி ரெண்டு.
சேலையைத் தாண்டி, பாயைத் தாண்டி,
சிமெண்டுத் தரையில் வாசலைத் தேடிப் போனது ரத்தம்.
ஆட்டோ தெப்பக்குளம் கடந்தது ஞாபகம்.
அப்புறம் இல்லை.

விழித்தபோது என் தலைக்கு மேலே
என் கர்ப்பப்பையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.
அந்த முத்து சுவரைக் குடைந்து
உள்ளே இறங்கியிருக்கிறதாம்.
"எடுத்துருங்க டாக்டர்" என்றார் மாமியார்,
"எம்மருமக உசுரோட வீடு வந்தாப் போதும்."
அதில் வன்மம் இல்லை, பிரியம்தான்.
அதனாலேயே மறுத்துப் பேச
வார்த்தை கிடைக்கவில்லை எனக்கு.

டாக்டர் பியூலா கட்டிலில் உட்கார்ந்தார்.
"இருபத்தாறு வயசு. நீ சொல்லு."

பிள்ளை வேண்டும் என்று நான் சொல்லவில்லை.
பிள்ளை என்ற சொல்லே அப்போது கசந்தது.
"அது இருக்கட்டும்" என்றேன்.
"அதுவா கெட்டது? வந்ததுதானே கெட்டது."

தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு
ரத்தம் பாயும் நாளத்தை மட்டும் அடைக்கலாம்.
நின்றால், ஊசி மருந்து.
நிற்காவிட்டால் எடுத்துத்தான் ஆகணும், அதையும் சொன்னார்.
"மடையை அடைக்கிறீங்க, கம்மாயை மூடலை"
என்றார் இவர்.
டாக்டர் சிரிக்கவில்லை.
"அதேதான்" என்று கையெழுத்துக்குத் தாளை நீட்டினார்.
என்னிடம்.

நின்றது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி.
வாயெல்லாம் புண்ணாகி மோரும் எரிந்தது.
நானூற்றுப் பத்து.
முப்பத்தெட்டு.
ஆறு.
அப்புறம் அளக்க அகப்படாத ஏதோ.

இனி ஒரு வருஷம் தங்கவே கூடாதாம்.
தங்கினால் எண் ஏறும்,
ஏறினது எதனால் என்று யாருக்கும் தெரியாது.
போராடி வைத்துக்கொண்ட வீட்டுக்கு
நானே பூட்டு, நானே காவல்.
உளுந்து டப்பாவுக்குள் மாத்திரை அட்டை.
பொன்னுத்தாய் மகள் வளைகாப்பில்
"விசேஷம் ஏதும் உண்டா?" என்றாள் ஒருத்தி.
"உண்டே, மாசாமாசம் ரத்தம் கொடுக்கேன்" என்றேன்.
வளையலை அடுக்கிக்கொண்டே நகர்ந்தாள்.

பங்குனி. வைகையில் மணலும் நாணலும்.
அளவுகோல் கல் காலடி வரை காய்ந்து நிற்கிறது.
இருந்தாலும் இவர் ஏழு மணிக்குப் போகிறார்.
"தண்ணியே இல்லையே, எதுக்கு?"
"பூஜ்யம்னு எழுதணும்ல. எழுதலேன்னா
யாரும் பாக்கலேன்னு ஆயிரும்."

நேற்று ஏழாவது மாதத் தாள் வந்தது.
தேதி போட்டு, அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
என் பூஜ்யத்தையும்
அவர் கையெழுத்திலேயே எழுதச் சொன்னேன்.
கொஞ்சம் பெரிதாகப் போட்டார்.