கொக்கி

கீரி வந்தால் கழுத்தில் இரண்டு ஓட்டை.
மரநாய் என்றால் ஓடு விலகி
கிணற்றடி வரைக்கும் இறகு.
போன செவ்வாய் வந்தது
ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை.
கருங்கோழி இரண்டு, கொண்டை கிழிந்த சேவல்,
அடையில் இருந்த பேடை.

வேலந்தாவளம் செக்போஸ்டில்
லாரிச் சக்கரத்துக்கெல்லாம் மருந்தடிக்கிறார்கள்,
பறவைக் காய்ச்சலாம்.
சாக்குக்குள் மூச்சடக்கிய நாலு உயிர்
எந்தத் தென்னந்தோப்பு வழியாகக்
கேரளம் போனதோ.

பூட்டு வாங்கு ரங்கநாயகி என்றாள் சுபைதா.
வாங்கினேன், நூற்றெண்பது ரூபாய்.
கீரி தோண்டுமே என்று
கம்பிவலையை மண்ணுக்குள் ஒரு முழம் இறக்கினேன்.
பால்பவுடர் டப்பாக்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன்.
வெறுங்காற்றுக்கே நாலு தரம் எழுந்தேன்.

ஐந்தாம் தரம் படுத்தபோதுதான் உறைத்தது:
அன்று விடிகாலை
கூண்டுக் கதவு சாத்தியிருந்தது.
கொக்கி மாட்டியிருந்தது.
மீதி ஒன்பதும் உள்ளே கொக்கரித்துக்கொண்டிருந்தன.

திருட்டுச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு
ஒற்றைக் கையால் இருட்டில் தடவி
மாட்டியிருக்கிறான்,
மரநாய்க்கு விடாமல்.

வைவதற்கு வாய் வரவில்லை.
ஆனால் வைக்கோலில்
பதினொரு முட்டையும் சில்லென்று கிடந்தன.
பேடையைக் கொண்டுபோனவன்
அதையும் கொண்டுபோயிருக்கலாம்.