தொண்டியில் கொண்டல்

தேவகோட்டையிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம்.
மினி லாரியின் முதுகில் பலகை.
"கதவா மேடம்? யார் வீட்டுக்கு?"
மூன்றாம் முறையாகக் கேட்டார் டிரைவர் குமரப்பன்.
கடலுக்கு என்றேன்.
அப்புறம் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. நகைக்கடன் கவுண்டர் பூட்டிக் கிடக்கிறது.
ஆறு நாள் ஊரார் கழுத்துச் சங்கிலிகளை
எடை போட்ட விரல்கள்
பாயின் கயிற்றை இழுத்து முடிகின்றன.
ஐந்தரை சதுர மீட்டர்,
மண்டபத்தில் ஒரு பெல்ஜியக்காரர்
ஊர் திரும்பும் அவசரத்தில் விட்டுப்போன விலை.
ரப்பர் மூட்டை மட்டும் மாற்றிவிடு என்றார்,
பாய்மரமும் பலகையும் சேரும் இடத்தில்
ஒரு சாண் கறுப்பு ரப்பர்.
மாற்றவில்லை.
போனஸ் வரட்டும் என்றிருந்தேன்.

கொண்டல் எழுந்துவிட்டது.
இந்தக் கடலில் பேரலை கிடையாது.
எல்லாம் சில்லறை.
யாரோ சாக்கைக் கவிழ்த்ததுபோல்
அஞ்சும் பத்துமாய்
நாலு பக்கமும் உருளும் தண்ணீர்.
ஏறி நின்றால்
முழங்கால் ஒவ்வொரு காசையும் எண்ணும்.

முதல் விழுதல்: கணக்கில் சேராது.
இரண்டாவது: கயிறு வழுக்கிப் பாய் தொளதொளத்தது.
பல்லால் கடித்து முடிந்தேன், உப்பும் நைலானும்.
மூன்றாவது: இடுப்புக் கொக்கி விடவில்லை,
பாய் போன இடத்துக்கெல்லாம் என்னையும் வீசியது.
கரையில் குமரப்பன் கைலியை மடித்துக் கட்டுவது தெரிந்தது.
காப்பாற்றவா, சாப்பிடப் போகவா,
தெரியவில்லை.

பிறகு ஒரு நிமிடம்.
ஒன்றரை இருக்கலாம்.
காற்று என் எடையை வாங்கிக்கொண்டது.
அறுபத்தெட்டு கிலோ, சேதாரமில்லாமல்.
பலகை தட்டுவதை நிறுத்தி
உறுமத் தொடங்கியது.
நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று
இப்போது கேட்டாலும் சொல்லமாட்டேன்.

டப்.

பழைய செருப்பு வார் அறும் சத்தம்தான்.
பலகை ஒரு பக்கம், பாய் ஒரு பக்கம்,
நான் பாய்க்கு அடியில்.
பிளாஸ்டிக் வழியாகச் சூரியன் வெள்ளரிக்காய் நிறத்தில்.
மூச்சு முட்ட, காலை உதைக்க,
கால் எதிலோ சிக்க,
சிக்கியது இழுக்க,
லாக்கர் சாவி ஞாபகம் வந்தது.
சாகும்போது வருமென்று சொல்வார்களே
அதெல்லாம் வரவில்லை. லாக்கர் சாவி.

"எந்திரிச்சு நில்லுங்கக்கா!"

நின்றேன்.
தண்ணீர் இடுப்பளவு.
கடல்தாழை கணுக்காலை வருடியது.
எதிரே தெர்மோகோல் தெப்பத்தைப் பிடித்துக்கொண்டு
சாகுல் ஹமீது, என் வயசிருக்கும்,
என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
காலில் அவன் நண்டு வலை.

"எட்டு பாகம் போச்சு" என்றான்,
கோபமில்லாமல்; கோபத்தைவிட மோசமாக.
வலையைப் பிரிக்க அரை மணி.
சிறிய நண்டுகளை அவன் கடலில் எறிந்தான்.
பெரியது ஒன்று என் கட்டைவிரலை அடகு கேட்டது.
ஆயிரத்து எண்ணூறுக்கு ஒத்துக்கொண்டோம்.
போன் லாரியில் இருந்தது.
"குடுப்பீங்க" என்றான்.
எழுதி வாங்கவில்லை, ஈடும் கேட்கவில்லை.
எங்கள் கிளையில் இவனுக்கு வேலை கிடைக்காது.

மாலை தேவகோட்டையில்
பஞ்சர் கடை செபஸ்தி மூட்டைத் திருப்பிப் பார்த்தார்.
லாரி மட்கார்டு ரப்பர் இருக்கிறதாம்,
ரெண்டு போல்ட் போட்டால் யானை தாங்குமாம்.
யானை வேண்டாம், கொண்டல் தாங்கட்டும்.

திங்கட்கிழமை, பதினொன்றேகால்.
ஒருவர் நாலு பவுன் சங்கிலியைத் தட்டில் வைத்தார்.
எண்ணைப் பார்க்கக் குனிந்தேன்.
எங்கே ஒளிந்திருந்ததோ,
மூக்கிலிருந்து நேற்றைய கடல்
ஒரு சொட்டு.

முப்பத்திரண்டு புள்ளி பூஜ்யம் நாலு.

அவர் என்னைப் பார்த்தார்.
"சளி" என்றேன்.
சங்கிலியைத் துடைத்தேன், தட்டைத் துடைத்தேன்,
மறுபடி எடை போட்டேன்.