அறுபது நிமிட நாடா

உறையில் பெயரில்லை.
நீல மையில் 'மழை ஊர்க்காரர்கள்' என்று
ஜெசிந்தாவே எழுதி வைத்திருந்தாள்.
பெங்களூரில் அவள் அண்ணன் பதிவு செய்து
பழைய ஸ்வெட்டருக்குள் சுருட்டி அனுப்பியது.

தொண்ணூற்று நாலு, டிசம்பர், சனிக்கிழமை.
ஏற்காடு அடிவாரத்தில் பஸ் மூச்சு வாங்க
ஹெட்போனின் தலைப்பட்டையை முறித்து
காதுக்கு ஒன்றாய்ப் பிரித்துக்கொண்டோம்.
இடது எனக்கு, கிட்டார்.
வலது அவளுக்கு, டிரம்ஸ்.
ஒரு பாட்டையும் நாங்கள்
முழுதாய்க் கேட்டதில்லை.

இங்கிலீஷும் பாதிதான் புரிந்தது.
உச்சத்தில் அவன்
'சேலம் சேலம் சேலம்' என்றுதான் கத்தினான்
பழைய பஸ் ஸ்டாண்டு கண்டக்டர் போலவே,
தொண்டை கிழிய,
ஏற ஆளே இல்லாத வண்டிக்கு.

பதினாலாவது கொண்டை ஊசியில்
பேட்டரி இறங்கத் தொடங்கும்.
குரல் தடித்து இழுத்து
நாலே வளைவில் கிழவனாவான் பாடகன்.
பேட்டரியைப் பல்லால் கடித்து
இன்னும் ஒரு பாட்டுக்கு
உயிர் கொடுப்பாள் ஜெசிந்தா.

ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டில்
கிட்டார் ஒரு படி ஏறும்.
அடுத்த படிக்குக் காலைத் தூக்கும்.
டக்.
நாடா தீர்ந்துவிட்டது.
அதைத்தான் முடிவு என்று நம்பினோம்.
'என்ன துணிச்சல் பாரேன்,
பேச்சைப் பாதியில் விட்டுட்டு
எழுந்து போறான்' என்றாள்.

இப்போது மாமாங்கத்தில்
எடைமேடையில் வேலை எனக்கு.
வெள்ளைக்கல் லாரிகள்.
வந்த எடையில் வெறும் எடையைக் கழித்தால்
மிச்சம் கல்.

நேற்று மதியம் லாரி வராத பொழுதில்
போனில் கிடைத்தது அந்த ஆல்பம்.
முப்பதாம் ஆண்டுப் பதிப்பு.
தூசி தட்டித் துலக்கியிருந்தார்கள்.
இரண்டு காதும் எனக்கே.
அவன் சேலம் என்று கத்தவில்லை
என்று தெரிந்தது.
என்ன கத்தினான் என்பது
இப்போதும் தெரியவில்லை.

அதே கடைசிப் பாட்டு. அதே படி.
தூக்கிய கால் இறங்கியது.
இன்னும் ஒன்றேகால் நிமிடம் இருந்திருக்கிறது:
ஒரு செல்லோ,
யாரோ இருமுவது,
ஒரு கதவு.
நன்றாகத்தான் இருந்தது. அழகாகக்கூட.

இரண்டாம் முறை கேட்டபோது
சரியாக அந்த இடத்தில்
கட்டைவிரல் தானாகப் போய் நிறுத்தியது.

ஜெசிந்தா பெர்த்தில் இருப்பதாகச் சொன்னார்கள்,
அதுவும் எப்போதோ.

மூன்றாம் முறை போட்டு
வலது காதைக் கழற்றி
ரசீதுப் புத்தகத்தின் மேல் வைத்தேன்.
அது தன் பாட்டுக்கு
டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தது.
வெளியே ஒரு லாரி
ஹாரன் அடித்துக் கூப்பிடும்வரை
நான் போகவில்லை.