முதல் தட்டு

ஒப்பந்தம் பதினான்கு பக்கம்.
ஒன்பதாம் பக்கத்தில் எங்கள் வேனின் தவணைத்தொகை இருந்ததால்
மற்றப் பதின்மூன்றையும் படிக்கவில்லை.

தம்பெரேயிலிருந்து ஹெல்சிங்கிக்கு
பிப்ரவரி இருட்டில் ஓட்டிப் போனோம்.
ஹீட்டர் செத்திருந்தது.
இருந்த ஒரே போர்வையை டிரம்முக்குப் போர்த்திவிட்டு
நாங்கள் நடுங்கினோம்.

மூன்றாம் நாள்
கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து லிண்ட்க்விஸ்ட்
மைக்கை அழுத்தி, மிக மரியாதையாக,
"அந்தப் பெண் கொஞ்சம் பின்தங்குகிறாள்" என்றார்.

துய்ரே பின்தங்குவாள்தான்.
உறைந்த ஏரியில் நடப்பவர்கள்
பாதத்தை முதலில் வைத்துப்
பாரத்தை ஒரு கணம் கழித்து இறக்குவதுபோல.
அந்த ஒரு கணத்துக்குள்தான்
நாங்கள் ஐந்து வருடம் குடியிருந்தோம்.

மறுநாள் வாடகைக்கு ஒருவர் வந்தார்.
நல்ல மனிதர். கடிகாரத்தை விழுங்கியவர்போல் வாசித்தார்.
ஒன்பது பாட்டையும் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்து
ரசீது கேட்டார்.

ஓஸ்மோ நாற்காலியை உதைத்தான்.
கெய்யோ வெளியே போய்ப் புகைத்தான்.
நான்
பேஸை மடியில் வைத்துக்கொண்டு
விரல்களைப் புதிய தாளத்துக்குப் பழக்கினேன்.
எந்தப் பேட்டியிலும் இதைச் சொன்னதில்லை.

துய்ரே அழவில்லை.
சிம்பல் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.
திங்கட்கிழமை செருப்பு ஆலையில் அவளுக்கு ஷிஃப்ட்.

பிறகு எதிர்த்தோம்.
எதிர்த்தோம் என்பது பெரிய வார்த்தை.
வயலின் வேண்டாமென்றோம், எட்டு வயலின் வந்தன.
அட்டைக்கு எங்கள் படம் வேண்டாமென்றோம்,
தலைவாரிய நிலையில் வந்தோம்.
ஒவ்வொரு முறையும் ஏழாம் பக்கத்தைக் காட்டினார்கள்.
கீழே எங்கள் கையெழுத்துகள்,
பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் வரிசையாக.

தட்டு வெட்டும் அறையில்
ஐலி என்றொரு பெண்மணி.
எங்களிடம் எதையாவது கேட்டவர் அவர் மட்டும்தான்.
கடைசிப் பாட்டுக்கும் நடுவட்டக் காகிதத்துக்கும் இடையே
கறுப்பாய் ஒரு விரல் அகலம்.
"இதில் தட்டின் எண்ணைக் கீறுவேன்.
இன்னும் கொஞ்சம் இடமிருக்கிறது" என்றார்.

பதினான்கு பக்கத்தில் எங்கேயும்
அந்த விரல் அகலம் யாருடையது என்று எழுதியிருக்கவில்லை.

பெயரைச் சொன்னோம்.
எழுத்தெழுத்தாகக் கேட்டுக் கீறினார்.

ஆயிரத்து இருநூறு பிரதி. நானூறு விற்றது.
வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.
துய்ரே சாய்த்துப் பிடித்தாளா,
தெரியாது.
அனுப்பிய பிரதிக்குப் பதில் வரவில்லை.

என் பழைய பிளேயரில் கை தானாக எழாது.
வயலின் எல்லாம் ஓய்ந்தபின்
அவள் பெயரின் ஓரத்தில் ஊசி சுற்றிக்கொண்டிருக்கும்.
டக்.

டக்.
எழுந்துபோய் நிறுத்த நேரமாகும் எனக்கு.