வெறும் லாரியின் எடை

மில்லுக்கு வரும் ஒவ்வொரு லாரியையும்
இரண்டு தடவை நிறுப்பார்கள்.
பழத்தோடு ஒன்று,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒன்று.
பகாவில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் எடைமேடையில் இல்லை, கிரேடர்.
குவியலில் ஐம்பது குலை எடுப்பேன்.
நல்லதாகப் பார்த்து எடுக்கக் கூடாது,
கெட்டதாகப் பார்த்தும் கூடாது,
கொக்கி எதில் விழுகிறதோ அது.
பத்து குலை பச்சையாக இருந்தால்
மொத்த லோடுக்கும் விலை வெட்டு.
"அந்தப் பக்கம் எடுத்திருக்கலாமே, அண்ணே" என்பான் டிரைவர்.
எடுத்திருக்கலாம்தான்.

அவள் பிறந்தது இரவு பதினொன்று நாற்பதுக்கு.
அழவில்லை.
ஆம்புலன்ஸில் எனக்கு இடமில்லை என்றார்கள்.
மோட்டாரில் பின்னாலேயே போனேன்.
கோல பிலா தாண்டி, புக்கிட் புத்துஸ் வளைவுகளில்
அந்தச் சிவப்பு விளக்கு
மரத்துக்கு மரம் அணைந்து அணைந்து எரிந்தது.

சிரம்பானில் மணி மூன்று.
டாக்டர் ஓங் நாற்காலியை இழுத்து
என் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.
மூளைக்குக் காற்றுப் போகாத நிமிடங்கள்.
ஆறு மணி நேரத்துக்குள் குளிர வைக்கணும்,
அதை ஆரம்பித்துவிட்டோம்.
கூடவே ஒரு மருந்து. இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கு.
பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து, பாதிக்கு உப்புநீர்.
யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது,
கம்ப்யூட்டர் பிரிக்கும்.
வேண்டாமென்றாலும் கவனிப்பில் குறை வராது.

தமிழிலும் போரம் இருந்தது, பதினான்கு பக்கம்.
'சமவாய்ப்பு முறை' என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.
மற்ற அப்பாக்களுக்கு அதை விளக்கியிருப்பார்கள்.
எனக்குத் தேவைப்படவில்லை,
அதனால்தான் கை நடுங்கியது.

மங்களேஸ்வரிக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.
போனை மிஸ்ஸி எடுத்தாள்.
"உங்களையே போடச் சொல்றாங்க."
போட்டேன்.
நகக்கண்ணில் இருந்த செம்பனை எண்ணெய்
என் பெயரின் மேல் மஞ்சளாக இழுபட்டது.
மன்னிப்புக் கேட்டேன்.

மூன்று நாள். முப்பத்து மூன்றரை டிகிரி.
பெற்றவளுக்கு வெந்நீரும் சுக்கும் மூடிய சன்னலும்,
பிறந்தவளுக்குக் குளிர்ப்பாயும் ஒற்றை டயப்பரும்.
ஒரு விரலால் தொட அனுமதித்தார்கள்.
தொட்டதும் ஒரு வார்த்தை மனசில் வந்தது.
அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.
நாலாம் நாள்
மணிக்கு அரை டிகிரியாகத் திரும்பி வந்தாள்.

இரண்டு வயதில் சித்தி ஹஜார் வீட்டுக்கே வந்தார்,
ஒரு பையில் சிவப்புக் கட்டைகளோடு.
லோகாஷினி ஒன்றின்மேல் ஒன்று வைத்தாள்.
மூன்றாவது விழுந்தது.
இடக்கை மூடியது மூடியபடி.
"இவளுக்கு எது போனதுன்னு உங்களுக்காவது தெரியுமா?"
தெரியாதாம்.
தெரிந்தால் கண் சாய்ந்துவிடும் என்றார்.
விழுந்த கட்டையையும் எழுதிக்கொண்டார்.

போன வாரம் கடிதம்.
மருந்துக்கும் உப்புநீருக்கும்
குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை.
உங்கள் குழந்தை பெற்றது: உப்புநீர்.
தங்கள் பங்களிப்புக்கு நன்றி.

மங்களேஸ்வரி இரண்டு தரம் படித்தாள்.
"உப்புத் தண்ணிக்கா கையெழுத்துப் போட்டீங்க?"
குரலில் கோபம் இருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.
வெறும் லாரியை நிறுக்காவிட்டால்
பழத்தின் எடை எவனுக்கும் தெரியாது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
பெற்றவளிடம் போய்
பிள்ளையை லாரி என்பதா?
விட்டுவிட்டேன்.

எங்கோ ஓர் ஊரில், மருந்து விழுந்த பிள்ளையின் அப்பனும்
இதே தாளைப் பிடித்திருப்பான்.
அவன் வீட்டில் என்ன கேட்டார்களோ.

கடிதத்தின் அடியில் ஒரு கட்டம்:
ஐந்து வயதில் மீண்டும் வந்து பார்க்கச் சம்மதமா?
மைலோ டின்னுக்குக் கீழே நாலு நாள் கிடந்தது.
நான் அதைப் பற்றிப் பேசவில்லை.
நேற்று ராத்திரி, லோகாஷினியின் மூடிய விரல்களை
ஒவ்வொன்றாய் நீவிவிட்டுக்கொண்டே,
என்னைப் பார்க்காமல் கேட்டாள்:
"பேனா எங்கே வச்சீங்க?"