ஒன்று அழிக்கப்படும்

இரவு ஒன்று நாற்பது.
எண்ணூர் விரைவுச் சாலையைப் பார்த்த
மூன்றாம் மாடி ஜன்னலில்
மீன் வாடையும் டீசலும் சரிபாதி.
பிளான் ஓடி முடிந்து சொன்னது:
நான்கு சேர்க்கப்படும்,
இரண்டு மாற்றப்படும்,
ஒன்று அழிக்கப்படும்.

அந்த ஒன்று எது என்று
நான் பார்த்திருக்க வேண்டும்.
பார்த்தேன். பார்த்தது போலப் பார்த்தேன்.
ஏதோ ஒரு ஃபயர்வால் விதி.
‘தற்காலிகம்-2’ என்று பெயர்.
கிட்டில் எங்கும் இல்லை.
கோப்பில் இல்லாதது
மேகத்தில் இருக்கக் கூடாது,
இந்தத் தொழிலில் அதுதான் அரிச்சுவடி.
மண்ணடியிலிருந்து பெனாசிர் ஒப்புதல் தந்தாள்,
ஒரு கட்டைவிரல் பொம்மை, ஒரு கொட்டாவி.
மெர்ஜ்.

மேகம் என்று சொல்லிக்கொள்கிறோம்.
மும்பையில் எங்கோ குளிரூட்டிய கொட்டகை அது.
அங்கே ஒரு வரி மாறினால்
இங்கே ஜீரோ கேட்டில்
தடுப்புக்கட்டை எழும், அல்லது எழாது.
துறைமுகத்துக்குப் போகும் வண்டிக்கு
டோக்கன் கொடுப்பது எங்கள் மென்பொருள்.
வீட்டில் கேட்டால்
“கம்ப்யூட்டர்ல ஏதோ” என்பார்கள்.

பத்து நிமிடம், எல்லாப் பெட்டியும் பச்சை.
பல் விளக்கப் போனேன்.

முதலில் ஒரு ஹாரன்.
இந்தச் சாலையில் அது செய்தியே இல்லை.
அதன் முதுகில் இன்னொன்று,
அப்புறம் எண்ண முடியவில்லை.
வாயில் நுரையோடு எட்டிப் பார்த்தேன்.
காசிமேட்டுத் திருப்பத்திலிருந்து
திருவொற்றியூர்ப் பக்கம் கண்ணுக்கெட்டியவரை
டிரெய்லர்கள்.
மற்ற ஊர்க்காரர்களுக்கு
வரைபடத்தில் ஒரு கோடு சரியும்.
என் தவறு என் ஜன்னலுக்குக் கீழே
பதினெட்டுச் சக்கரத்தோடு நின்றது.

திரையில் இன்னும் பச்சை.
வராத வண்டிக்குப் பிழை ஏது?

ஓட்டுநர் ஒருவர் இறங்கி
டயரை உதைத்தார்.
“இன்னாபா, கேட்டு மூட்டானா?”
“சர்வராம்” என்றார் டீக்காரர்.
எங்கள் அலாரம் அப்போதுதான் கத்தத் தொடங்கியது.

ரிவர்ட்.
இதற்காகத்தானே ஒவ்வொரு எழுத்தையும்
தேதி போட்டுச் சேர்த்து வைக்கிறோம்.
ஓடியது. முடிந்தது.
ஒரு சக்கரமும் அசையவில்லை.
கொடுத்து வைத்ததைத்தான்
கிட் திருப்பித் தரும்.
தற்காலிகம்-2 அதனிடம் இருந்ததே இல்லை.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
கொருக்குப்பேட்டையில் கால்வாயோரம்
எந்தக் கணக்கெடுப்பிலும் இல்லாத வீட்டில்
என் சித்தி குடியிருக்கிறாள்.
தினமும் உலை கொதிக்கிறது அங்கே.

எபினேசரை எழுப்பினேன்.
வேலையை விட்டு ஏழு மாதம்.
“புயல் ராத்திரி, ஞாபகம் இருக்கா?
கேட்டுக்கு வர்ற லைன் அறுந்து
வேற லைன் போட்டாங்கோ.
கையால தொறந்து வுட்டேன்.
காலைல எழுதிக்கலாம்னு நெனச்சேன்.
காலைல வீட்டுக்குள்ள தண்ணி.”
முகவரியை மனப்பாடமாகச் சொன்னான்,
ரேஷன் அட்டை எண் போல.

கன்சோல் திறந்தே இருந்தது.
ஒரு சொடுக்கு போதும்.
அதையே செய்யச் சொல்லி
அத்தனை ஹாரனும் அலறின.
விரல் அங்கே போய்த் திரும்பியது.

எழுதினேன், மூன்றே வரி.
இந்த முறை பெனாசிர்
பொம்மை எதுவும் அனுப்பவில்லை.
நெடுநேரம் படித்தாள். நெடுநேரம் என்றால்
நாற்பது விநாடி இருக்கும்.
“கடைசி எண் ஒன்பதா?”
ஆறு. ஆறுதான். கை நடுங்கியிருக்கிறது.
திருத்தினேன்.

இரண்டு ஐம்பத்து மூன்றுக்கு
ராயபுரம் பக்கம் ஓர் ஏர்பிரேக் பெருமூச்சு விட்டது.
அந்த அசைவு வண்டி வண்டியாகப் பின்னால் வந்து
என் ஜன்னலைத் தொட
ஒன்பது நிமிடம் பிடித்தது.

இனி யாராவது அந்த வரிகளைத் தோண்டினால்
என் பெயர்தான் வரும்.
அதனால் கமிட் குறிப்பில் எழுதியிருக்கிறேன்:
‘புயல் இரவில் எபினேசர் திறந்த வழி இது.
அடைத்தது நான்.
ஏன் இருக்கிறது என்று தெரியாமல் அழிக்காதீர்கள்.’

மறுபடி பிளான் ஓட்டினேன்.
மாற்றம் எதுவும் இல்லை என்றது.
ஜன்னல் விளிம்பில்
பல் துலக்கும் பிரஷ்
நுரை காய்ந்து கிடந்தது.