மூன்று புள்ளிகளுக்குப் பிறகு

கொட்பே ஜெற்றியின் கடைசித் தூணில்
கடல் எவ்வளவு ஏறியது என்று எழுதவேண்டிய பெட்டி
ஆறு நாளாக எதையும் எழுதவில்லை.
ஏறுவதும் இங்கே பெரிதாக ஒன்றுமில்லை,
முழங்கால் அளவு. அதற்குத்தான் இவ்வளவு பாடு.

தகரக் கொட்டில். மடியில் லப்டொப்.
மூன்று கம்பிக் கேபிள் ஒன்றின் வழியே
அது பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கரண்ட் பட்டதும் முதலில் விழிப்பது நிலைபொருள்.
சில்லின் மூலையில் ஒட்டிக்கிடக்கும் சின்ன நிரல்.
தன் பெயர் சொல்கிறது. நினைவகத்தை அளக்கிறது:
ஐந்நூற்றுப் பன்னிரண்டு, சரி.
அட்டையைத் தட்டிப் பார்க்கிறது.
கருனியைத் தூக்கிவந்து ஓரிடத்தில் வைக்கிறது,
பக்கத்தில் வரைபடத்தை:
எந்தக் காலில் கடிகாரம், எந்தக் காலில் மிதவை,
எது விளக்கு, எது வெறும் செப்பு.

பிறகு தான் ஏற்றியதையெல்லாம் தானே அணைக்கிறது.
யார் கதவைத் தட்டினாலும் இனித் திறப்பதில்லை.
மூன்று பதிவகங்கள்.
முதலாவதில் பூச்சியம்.
இரண்டாவதில் இப்போது யாரும் பார்க்காத ஓர் எண்.
மூன்றாவதில் வரைபடம் இருக்கும் முகவரி.
பிறகு ஒரு தாவல்.
அழைப்பு என்று சொல்லமுடியாது,
அழைத்தால் திரும்பவேண்டும்.

திரையில் அதன் கடைசி வரி:
கருனியைத் தொடங்குகிறேன், மூன்று புள்ளிகள்.

அதன் பிறகு ஒன்றுமில்லை.

ஆறு இரவுகள் மூன்றாவது புள்ளியின் பக்கத்தில்
உட்கார்ந்திருந்தேன்.
செத்ததா, உயிரோடு ஊமையா, தெரியாது.
போனது போய்விட்டது, வந்தது வாய் திறக்கவில்லை.
நடுவில் யாரிடம் கேட்பது?

நாலாம் இரவு டொக்யார்ட் வீதியில் என் அறை வாசலில்
பலகை வந்த அட்டைப்பெட்டியை
புள்ளிமான் ஒன்று தின்றுகொண்டிருந்தது, கையேட்டோடு.
நான் விரட்டவில்லை.
யாராவது அதை முழுசாக உள்ளே எடுக்கட்டும்.

பைலட் படகு ஓட்டும் ஃபர்ஸான் எட்டிப் பார்த்தான்.
"தண்ணி எவ்வளவெண்டு சொல்லுதா?"
"இன்னும் பேசேல்ல."
"எங்கட பைலட்மாரும் கப்பலை விட்டு இறங்கக்குள்ள
கப்டனோட ஒண்டும் கதைக்க மாட்டாங்க.
கயித்தேணியத்தான் பாப்பாங்க."
எனக்கு உவமை தேவைப்படவில்லை,
முகவரி தேவைப்பட்டது.

ஏழாம் இரவு, பென்சிலால், பிளேன்ரீ வாங்கிய பேப்பரில்
கூட்டிப் பார்த்தேன்.
சுருட்டி வைத்த கருனி விரியும்போது
எவ்வளவு இடம் பிடிக்கும் என்று
யாரும் கேட்டிருக்கவில்லை, நானும்தான்.
பாயை உதறி விரித்ததும் அதன் ஓரம்
வரைபடத்தின் மேல் விழுந்திருக்கிறது.
தன் ஊரை எழுதிவைத்த தாளின் மேலேயே
தன்னை எழுதிக்கொண்டது.
பிறகு மூன்றாவது பதிவகம் காட்டிய இடத்தில் போய்த் தேட,
அங்கே அதன் சொந்த உடம்பு.

நிலைபொருள் பொய் சொல்லவில்லை.
வைத்தது. வைத்த இடத்தைச் சொன்னது.
தான் இல்லாதபோது நடந்ததை எப்படி அறியும்?

வரைபடத்தை முப்பத்திரண்டு மெகாபைட் தள்ளி வைத்தேன்.
கரண்ட்.
பெயர். அளவு. அட்டை.
மூன்று புள்ளிகள்.

கச்சான் காற்று தகரத்தை ஒருதரம் அடித்தது.

பிறகு கொட்டியது, வரி வரியாக, வாசிக்க விடாமல்:
தன் பதிப்பு, தன்னைக் கட்டிய திகதி,
கட்டியவர் பெயர், அதில் எழுத்துப்பிழையோடு நான்,
கடிகாரம், மிதவை, விளக்கு.
தன்னைத் தூக்கிவந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை.
தான் எழும்ப உதவிய தன் துண்டையே
இனி வேண்டாம் என்று கழற்றி இடமாக்கிக்கொண்டது:
ஆயிரத்து இருபத்துநான்கு கிலோபைட் விடுவிக்கப்பட்டது.

நேரம் கேட்டேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று.
கடிகாரத்துக்கு நான் பற்றரி வாங்கவில்லை.

நீர்மட்டம் கேட்டேன். நாற்பத்தொரு சென்ரிமீற்றர்.
வெளியே போய்த் தூணின் அளவுகோலில் ரோச் அடித்தேன்.
நாற்பத்துமூன்று.
கடல்முகத்துப் பக்கம் ஃபர்ஸானின் படகு
கப்பலை விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.
மிச்ச இரண்டை நாளைக்குப் பார்க்கலாம்.